ஒரு சிரிஞ்சு சேற்றில் 214 புழு, எல்லாம் ஒரே மாதிரி. இதில் பல்வகைமை எங்கே இருக்கிறது?

சேற்றுக்கை எழுதியது:

வணக்கம். இங்கே இதுதான் என் முதல் பதிவு, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகலைத் திட்டப்பணிக்காகக் கடலடிச் சேற்றில் இருக்கும் நுண்விலங்குகளை, அதாவது மீயோஃபோனாவை, எண்ணிக்கொண்டிருக்கிறேன். 12 மீட்டர் ஆழத்துச் சேறு. நுனி வெட்டிய சிரிஞ்சை, உள்விட்டம் 2 செ.மீ., மேலிருந்து 5 செ.மீ. வரை இறக்கி எடுத்தது. ஃபார்மலின் ஊற்றி, ரோஸ் பெங்கால் சாயம் போட்டு, இரண்டு நாள் கழித்து 500 மைக்ரான் சல்லடையை மேலேயும் 63 மைக்ரான் சல்லடையைக் கீழேயும் வைத்து அலசினேன். கீழே நின்றதைக் கட்டம் போட்ட பெட்ரி தட்டில் பரப்பிக்கொண்டு ஸ்டீரியோ நுண்ணோக்கி முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தேன். முதுகு போச்சு.

கணக்கு இது: நூற்புழு 214, ஹார்பாக்டிகாய்டு கோபிபாட் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த நுண்ணிய ஓட்டுடலி) 31, நாப்ளியஸ் எனும் ஓட்டுடலிக் குஞ்சுகள் 9, குட்டிப் பாலிகீட் புழு 4, என்னவென்றே தெரியாதவை 2. ஆக 260. தெரியாத இரண்டில் ஒன்று அறை அறையாகச் சுருண்ட சின்ன ஓடு, உள்ளே மட்டும் சாயம் ஏறியிருக்கிறது. இன்னொன்று அரை மி.மீ.கூட இல்லை, வெளிர் மஞ்சள், ஜாடி மாதிரி உடம்பு, பின்னால் இரண்டு நீள முள்.

என் சிக்கல் என்னவென்றால், படித்த கட்டுரை ஒவ்வொன்றும் கடலடிச் சேற்றின் பல்வகைமையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறது, கடல் நூற்புழுவில் மட்டும் பத்துக் கோடி இனம் இருக்கலாம் என்று ஒன்றில் பார்த்தேன், என் தட்டிலோ இளஞ்சிவப்பு நூல் துண்டுகள் 214 கிடக்கின்றன, ஒன்றுக்கொன்று நீளத்தில்தான் வித்தியாசம். வழிகாட்டி 'நூற்புழு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போ' என்கிறார். போய்விடலாமா? நான்தான் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறேனா, இல்லை என் இடம் வறண்ட இடமா? அந்தப் பத்துக் கோடியை எதை வைத்துச் சொல்கிறார்கள்?


வண்டல்வாசி எழுதியது:

போய்விடாதீர்கள். ஸ்டீரியோவில் 40 மடங்கில் பார்த்தால் நூற்புழு எல்லாமே நூல்தான், அதற்குமேல் அது ஒன்றும் காட்டாது. நானும் முதல் வருடம் முழுக்க 'நூற்புழு: இத்தனை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவள்தான். பிறகு ஒருவர் என் குப்பியிலிருந்து இருபது புழுவைக் கிளிசரினில் ஏற்றி, எண்ணெய் போட்டு, 1000 மடங்கில் வைத்து 'இப்போது பார்' என்றார். அன்றைக்குத் தூக்கம் போனதுதான்.

எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் தலை. வாய் எப்படி இருக்கிறது? சிலதில் வாய் என்று சொல்லவே முடியாது, ஊசிமுனை அளவு ஓட்டை. சிலதில் கூம்புக் கிண்ணம், பல் இல்லை. சிலதில் சின்னதாக ஒரு பல், டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓட்டைக் குத்திக் கிழிப்பதற்கு. சிலதில் பீப்பாய் மாதிரி தடித்த சுவர் வைத்த பெரிய வாய், பக்கத்துப் புழுவை விழுங்குவதற்கு. 1953இல் வீசர் என்பவர் இந்த வாய்களை வைத்தே நான்கு உணவுக் குழுக்களாகப் பிரித்தார், 1ஏ, 1பி, 2ஏ, 2பி என்று. குறைகள் இருந்தாலும் இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். உங்கள் 214ஐ இந்த நான்காகப் பிரித்தால்கூட ஒரே வரியில் எழுதியதைவிட நாலு மடங்கு விஷயம் கிடைக்கும்.

அடுத்து ஆம்ஃபிட். தலையின் இரண்டு பக்கமும் இருக்கும் மோப்ப உறுப்பு. இதுதான் எனக்குப் பிடித்த இடம். சபாட்டீரியா என்ற பேரினத்தில் அது கடிகாரச் சுருள்வில் மாதிரி பல சுற்று சுற்றியிருக்கும். டெர்ஷெல்லிங்கியாவில் அழகான வட்டம், கூடவே வால் நூலாக நீண்டுகொண்டே போகும். ஹலலைமஸில் கழுத்தோரம் கத்தியால் கீறியது போல ஒரு நீளக் கோடு. ஃபோகஸ் திருகாணியை மயிரிழை திருப்பினால் தோன்றும், இன்னொரு மயிரிழை திருப்பினால் மறையும். அந்த இரண்டுக்கும் நடுவில் கையை நிறுத்தப் பழக வேண்டும், வேறு வழியில்லை. அதற்கப்புறம் தோல்மேல் கோடா புள்ளியா, மயிர்கள் எத்தனை வரிசை, ஆணாக இருந்தால் வால் பக்கம் இருக்கும் ஸ்பிக்யூல், அதாவது புணர்ச்சி முள், என்ன வளைவு. முதல் நூறு புழுவுக்கு ஒரு வாரம் ஆகும், அடுத்த நூறு இரண்டே நாளில் முடியும்.

எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நூறோ நூற்றிருபதோ எடுங்கள், அதுதான் வழக்கம். கண்ணைத் திறந்து எடுத்தால் கை தானாகப் பெரிய புழுவிடம்தான் போகும். எத்தனாலில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, எத்தனால் மெதுவாக ஆவியாகிப் போகும்படி விட்டால் புழு சுருங்காமல் கிளிசரினுக்கு மாறிவிடும். ஸ்லைடில் மெழுகு வளையம், புழுவின் தடிமனுக்கு ஏற்ற கண்ணாடி மணி இரண்டு மூன்று, அதன்மேல் மூடி. மணி வைக்காவிட்டால் மூடி அழுத்தி ஆம்ஃபிட்டும் போகும் வாயும் போகும், உங்களுக்குத் திரும்பவும் நூல்தான் மிஞ்சும்.

இடம் வறண்டதா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. அதில் 260 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு எட்டு லட்சத்துக்கு மேல். சாதாரணமாகப் பத்து லட்சத்தை ஒட்டித்தான் எதிர்பார்ப்போம். வறட்சியெல்லாம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, 63 மைக்ரான் சல்லடையில் நிறைய ஓடிப்போயிருக்கும். கிரீஃபியெல்லா என்று ஒரு நூற்புழு, உடம்பெல்லாம் முள்மயிர், அதன் சில இனங்கள் முழு வளர்ச்சியிலும் பத்தில் ஒரு மி.மீ.கூட இருக்காது. அதெல்லாம் உங்கள் சல்லடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கீழே போயிருக்கும். ஆழ்கடலில் வேலை செய்கிறவர்கள் 32 மைக்ரான் வைப்பது அதனால்தான்.


ஐந்தாங்கால் எழுதியது:

நூற்புழுவைப் பற்றி மட்டும் பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்த 31 கோபிபாடை யாரும் விசாரிக்கவே இல்லை. முட்டைப்பையோடு இருக்கும் பெண்களைத் தனியாக எடுத்து ஐந்தாவது ஜோடிக் காலைப் பாருங்கள், இனம் பிரிக்க அது முக்கிய அடையாளம், என் பெயரே அதுதான். முப்பதில் எட்டுப் பத்து இனம் கிடைத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அறை அறையாகச் சுருண்டது ஃபோராமினிஃபெரா, விலங்கே கிடையாது, ஒற்றைச் செல் உயிர். மீயோஃபோனா ஆட்கள் சில நேரம் சேர்த்து எண்ணுவார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். விலங்குகள் என்று தலைப்புப் போட்டால் உங்கள் கணக்கு 259.

ஜாடி மாதிரி என்றீர்களே, அதுதான் விஷயம். தயவுசெய்து கழிவுத்தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். உடம்பில் குறுக்கே வளையங்கள் இருக்கிறதா? எண்ணிச் சொல்லுங்கள். 11 இருந்தால் கைனோரிங்கா, ஆங்கிலத்தில் செல்லமாகச் சேற்று டிராகன் என்பார்கள். வளையமே இல்லாமல் உடம்பைச் சுற்றித் தகடுகளோ மடிப்புகளோ உள்ள ஓடாக இருந்தால் லோரிசிஃபெரா. அப்படி இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

லோரிசிஃபெரா கதை தெரியுமா? விலங்குலகில் ஒரு முழுத் தொகுதி, அதாவது முதுகெலும்பிகள் ஒரு பக்கம், கணுக்காலிகள் ஒரு பக்கம் என்று பிரிக்கிறோமே, அந்த உயரத்தில் உள்ள ஒரு பிரிவு, 1983 வரை பெயரே இல்லாமல் இருந்தது. டென்மார்க்கின் ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் பிரான்சில் ரோஸ்காஃப் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம், பெரிய மாதிரி ஒன்று மிச்சம் இருக்கிறது, பொறுமையாகச் செய்ய நேரமில்லை. வழக்கமான மயக்க மருந்துக் கரைசலை விட்டுவிட்டு மணலை நல்ல தண்ணீரில் அலசிவிட்டார். மணல் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த பிராணிகள் அந்த உப்பு அதிர்ச்சியில் பிடியை விட்டுவிட்டன. குஞ்சு முதல் முதிர்ந்தது வரை எல்லாப் பருவமும் சல்லடையில் வந்து விழுந்தன. நானலோரிகஸ் மிஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார். அத்தனை வருடம் எல்லாரும் முறைப்படி அலசியதால்தான் அது அகப்படவில்லை, அவசரத்தில் அலசியவருக்குக் கிடைத்தது. இதை என் வழிகாட்டியிடம் அடிக்கடி சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். இனங்களின் எண்ணிக்கையை விட்டுத் தொகுதிகளைப் பாருங்கள். விலங்குத் தொகுதிகள் மொத்தம் 35 வாக்கில். அதில் இருபதுக்கு மேல் இந்தச் சேற்றிலும் மணலிலும் நுண்ணளவில் ஆள் வைத்திருக்கின்றன. கைனோரிங்கா, லோரிசிஃபெரா, நாத்தோஸ்டோமுலிடா இவற்றுக்கு வேறு வீடே கிடையாது. நிலத்தில் மட்டுமே வாழும் தொகுதி என்றால் ஓனிகோஃபோரா ஒன்றுதான், காட்டில் உள்ள அத்தனை வண்டும் பட்டாம்பூச்சியும் ஒரே ஒரு தொகுதிக்குள் அடங்கிவிடும். ஜெர்மனியின் அடால்ஃப் ரெமானே 1920களில் கடல் மணலை அலசத் தொடங்கியபோது மணல் துகள்களுக்கு நடுவே குடையே இல்லாமல் மயிரிழைகளால் நீந்தும் ஜெல்லிமீன் இனத்தானைக் கண்டார், ஹலாமோஹைட்ரா. பிரயோசோவா என்றால் கூட்டமாகப் பாறையில் ஒட்டி வாழ்வது என்றுதானே படித்திருக்கிறோம்? மணலில் தன்னந்தனியாக வாழும் ஒன்றையும் அவர் கண்டெடுத்தார், மோனோபிரயோசோவான்.


சேற்றுக்கை எழுதியது:

கழுவித் துடைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்று முறை. 11!! கடைசி வளையத்திலிருந்துதான் அந்த இரண்டு நீள முள்ளும் வருகின்றன. தலை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியிருக்கிறது, அதனால்தான் ஜாடி மாதிரி தெரிந்திருக்கிறது.

வண்டல்வாசி அக்கா, கிளிசரின் வேலை ஆரம்பித்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். இருபதுக்கு மேல் தொகுதி என்கிறார் ஐந்தாங்கால், எனக்கு நான்குதான் வந்திருக்கிறது. தட்டையான புழு, காஸ்ட்ரோட்ரிக், நீர்க்கரடி ஒன்றுகூட இல்லை. சேறு என்பதாலா?


வண்டல்வாசி எழுதியது:

கைனோரிங்காவுக்கு வாழ்த்து! உயிரோடு பார்த்திருந்தால் தெரியும், முள் வைத்த தலையை முன்னே தள்ளி, சேற்றில் ஊன்றி, உடம்பை இழுத்து, மறுபடி தலையை உள்ளே வாங்கி மறுபடி தள்ளும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சேறு ஒரு காரணம், ஃபார்மலின் இன்னொரு காரணம். மணல் துகள் பெரிதாக இருந்தால் நடுவில் சந்து இருக்கும், அந்தச் சந்தில் நெளிந்து வாழும் கூட்டம் வேறு. காஸ்ட்ரோட்ரிக், நாத்தோஸ்டோமுலிடா, கடல் நீர்க்கரடியில் பல, எல்லாம் மெலிந்து நீண்டோ தட்டையாகவோ, ஒட்டிக்கொள்ளப் பசைச் சுரப்பியோ பசை வட்டோ வைத்துக்கொண்டு. துகளின் சராசரி அளவு 125 மைக்ரானுக்குக் கீழே போனால் சந்து அடைத்துக்கொள்ளும், அங்கே சேற்றைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இடம். உங்கள் சேற்றில் நூற்புழுவும் கைனோரிங்காவும் இருப்பது அதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் தட்டைப்புழு கட்டாயம் இருந்திருக்கும். ஃபார்மலின் பட்டதும் அது சுருண்டு அடையாளமில்லாத உருண்டையாகிவிடும், நீங்கள் அதை அழுக்கு என்று ஒதுக்கியிருப்பீர்கள். மென்மையான உடம்புக்காரர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் உயிரோடு எடுக்க வேண்டும். கடல்நீரின் உப்புச் செறிவுக்குச் சமமாக, 7 சதவீதம் சொச்சம் மக்னீசியம் குளோரைடு கரைத்து, சேற்றின் மேல் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மயங்கிப் பிடியை விடும். லேசாகச் சுழற்றி மேல்நீரை மட்டும் சல்லடையில் ஊற்றி, உடனே கடல்நீருக்கு மாற்றுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் தொலைபேசியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதான், அவை காத்திருக்காது.

ஃபார்மலின் மாதிரிக்கு லுடாக்ஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். கூழ்ம சிலிக்கா, அடர்த்தியை 1.18க்குக் கொண்டுவந்து சுழற்றினால் மணல் அடியில் தங்கும், பிராணிகள் மேலே மிதக்கும், மூன்று நாள் முதுகுவலி அரை நாளில் முடியும். ஒரே எச்சரிக்கை, முதலில் நல்ல தண்ணீரில் உப்பை நன்றாகக் கழுவிவிட வேண்டும். உப்பு பட்டால் லுடாக்ஸ் கட்டியாகிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அப்புறம், ஒரு சிரிஞ்சை வைத்து ஓர் இடத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒரு சாண் தள்ளி எடுத்தால் வேறு கணக்கு வரும். ஏதோ ஒரு பெரிய புழுவின் வளை, ஒரு நண்டு தோண்டிய குழி, செத்து விழுந்த பாசித் துண்டு, இவர்களுக்கு அதெல்லாம் தனித் தனி நாடு. குறைந்தது மூன்று எடுங்கள். முடிந்தால் செ.மீ. செ.மீ. ஆக வெட்டுங்கள், மேல் செ.மீ.யில் கூட்டம் அலைமோதும், கீழே கறுத்து முட்டை அழுகிய வாடை வருகிற அடுக்கில் கோபிபாட் ஒன்றுகூட இருக்காது, ஆனால் நூற்புழு இருக்கும். அந்த எல்லையில் வாழும் ஸ்டில்போனெமட்டினே புழுக்கள் உடம்பு முழுக்கக் கந்தக பாக்டீரியாவைச் சட்டை மாதிரி போர்த்திக்கொண்டு திரியும். அஸ்டோமோனிமாவுக்கு வாயே கிடையாது, பாக்டீரியா உள்ளேயே குடியிருக்கிறது.


கணக்கன் எழுதியது:

பத்துக் கோடி பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அது என் தலையில்தான் விழும் போலிருக்கிறது.

கதை 1992இல் தொடங்குகிறது. கிராஸலும் மாசியோலெக்கும் அமெரிக்காவின் நியூஜெர்சி, டெலாவேர் கரைக்கு அப்பால் 1500 முதல் 2500 மீட்டர் ஆழத்தில் 233 பெட்டி மாதிரிகள் எடுத்தார்கள். 90,677 பிராணிகள், 798 இனங்கள். அதில் பாதிக்கு மேல் அறிவியலுக்குப் புதியவை. கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் 176 கி.மீ. நீளத்துக்குக் கோடு போட்டு எடுத்தபோது, தூரம் கூடக் கூடப் புது இனம் வருவது நிற்கவே இல்லை, முதலில் வேகமாக, பிறகு கி.மீ.க்கு ஒன்று என்கிற மாதிரி. கி.மீ.க்கு ஒன்று என்பதைச் சதுர கி.மீ.க்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஆழ்கடலின் மொத்தப் பரப்பால் பெருக்கினால் கோடிக்கணக்கில் போகிறது. ஆழம் கூடக் கூடப் பிராணிகள் குறைவு என்று சொல்லிக் கையடக்கமாகக் குறைத்து ஒரு கோடி என்று வைத்தார்கள். கவனிக்க வேண்டியது, இதெல்லாம் 300 மைக்ரான் சல்லடையில் நின்ற பெரிய ஆட்கள். மீயோஃபோனாவே இதில் இல்லை.

அடுத்த வருடம் லாம்ப்ஷெட், பெரியவற்றுக்கே ஒரு கோடி என்றால் அதைவிடப் பல மடங்கு கூட்டமான நூற்புழுவுக்குப் பத்துக் கோடிகூட இருக்கலாம் என்றார். உங்கள் கட்டுரை அதைத்தான் சொல்லியிருக்கும். இருக்கலாம் என்பது கட்டுரைக்குக் கட்டுரை தாவும்போது இருக்கிறது என்றாகிவிட்டது.

எனக்குப் பிடித்த மறுப்பு ராபர்ட் மேயுடையது, அதே 1992இல். அவர் சொன்னது ரொம்ப எளிமை. மாதிரியில் பாதி புதிது என்றால், உலகத்தில் உள்ளதில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் தெரிந்த கடல் இனங்களை இரண்டால் பெருக்கு, ஐந்து லட்சம் வாக்கில் வரும், கோடி எங்கிருந்து வந்தது? இதிலும் ஓட்டை உண்டு, அந்தக் கரையோரத்தை உலகம் முழுவதற்கும் பிரதிநிதியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே தரவிலிருந்து ஐந்து லட்சமும் வரும், ஒரு கோடியும் வரும் என்பதைக் காட்டிவிட்டது. 2003இல் லாம்ப்ஷெட்டே பூஷேயுடன் சேர்ந்து தன் பழைய எண்ணை வெகுவாக இறக்கிக்கொண்டார், அதற்கு நிஜமான நேர்மை வேண்டும். 2012இல் உலகம் முழுக்க உள்ள வகைப்பாட்டாளர்கள் சேர்ந்து போட்ட கணக்கில் கடலின் எல்லா இனங்களும் சேர்த்தே ஏழு முதல் பத்து லட்சம், அதில் பெயர் வைத்தது 2,26,000 வாக்கில்.

நான் சொல்வேன், உலகக் கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் சிரிஞ்சில் நூறு புழு எடுத்தால் எத்தனை இனம் என்பது நீங்கள் நிஜமாகவே பார்த்துச் சொல்லக்கூடிய எண். ஆழ்கடல் சேற்றில் அப்படி நூறு எடுத்தால் ஐம்பது இனம் வருவது சாதாரணம். பாதிக்கு மேல் ஒரே ஒரு தடவைதான் தென்படும். வேறெங்கே நூறு விலங்கைக் கண்ணை மூடிப் பிடித்து ஐம்பது இனம் பார்க்க முடியும்? அதுதான் உங்கள் கட்டுரைகள் கொண்டாடுகிற பல்வகைமை. இன்னொருவருடைய இடத்தோடு ஒப்பிடும்போது மட்டும் இரண்டு பக்கமும் அதே நூறு என்று வைத்து ஒப்பிடுங்கள், இங்கே 60 புழு அங்கே 300 புழு என்றால் 300 வைத்திருப்பவர் சும்மாவே ஜெயிப்பார்.


நான்கெழுத்து எழுதியது:

எல்லாரும் நுண்ணோக்கியிலேயே நிற்கிறீர்கள். இந்த வேலைக்கெல்லாம் இப்போது சேற்றை அப்படியே அரைத்து டிஎன்ஏ எடுத்து இனம் அடையாளம் காணப் பயன்படும் 18எஸ் மரபணுவைப் படித்தால் ஒரு வாரத்தில் பட்டியல் கையில். தட்டைப்புழு சுருண்டுபோச்சா உருண்டைபோச்சா என்ற கவலை கிடையாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே பலவாக இருக்கும் என்பதும் இதில்தான் தெரியும். அழுகும் கடற்பாசியில் இருக்கும் லிட்டோடிடிஸ் மரினாவை ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், டிஎன்ஏ பார்த்தால் உருவத்தில் பிரிக்க முடியாத பல இனங்கள், ஒரே இடத்திலேயே சேர்ந்து வாழ்கின்றன. ஆம்ஃபிட் சுருளை எண்ணிக்கொண்டிருந்தால் இது வருமா?

ஃபார்மலின் ஊற்றியதில் உங்கள் மாதிரியின் டிஎன்ஏ பெரும்பாலும் வீண். அடுத்த முறை டெஸ் கரைசலில் போடுங்கள். டைமெத்தில் சல்ஃபாக்சைடு, இடிடிஏ, கரைகிற வரை உப்பு, அவ்வளவுதான். உருவமும் நிற்கும், டிஎன்ஏவும் நிற்கும்.


வண்டல்வாசி எழுதியது:

டெஸ் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றதற்குக் கொஞ்சம் சண்டை போடுகிறேன். பட்டியல் ஒரு வாரத்தில் வரும், வந்ததும் பாதி வரிசைகளுக்கு எதிரே 'நூற்புழு, பெயர் இல்லை' என்றுதான் இருக்கும். பொருத்திப் பார்க்க யாராவது அந்தப் புழுவை முதலில் பார்த்து, வரைந்து, பெயர் வைத்து, அதன் டிஎன்ஏவைப் பதிவுசெய்திருக்க வேண்டுமே? அதைச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். 18எஸ்ஸில் நெருங்கிய இனங்கள் இரண்டுக்கும் ஒரே எழுத்துவரிசை வருவதும் உண்டு, அங்கே நீங்கள் குறைத்து எண்ணுவீர்கள். சிஓஐ என்ற இன்னொரு மரபணு வேறுபடுத்தும், ஆனால் அதை நகலெடுக்கப் போடும் பிரைமர் என்ற டிஎன்ஏ துண்டு நூற்புழுவில் பாதி நேரம் ஒட்டவே ஒட்டாது. எத்தனை வரிசை வந்தது என்பதை வைத்து எத்தனை புழு என்றும் சொல்ல முடியாது, பெரிய புழு ஒன்று சின்னப் புழு ஐம்பதை அமுக்கிவிடும். செத்துப்போனதன் டிஎன்ஏ, மேலே நீந்திப் போன மீனின் டிஎன்ஏ எல்லாம் சேற்றில் கிடக்கும்.

செத்தது என்றதும் ஞாபகம் வருகிறது. 2010இல் மத்தியதரைக் கடலில் லட்டலாண்ட் (L'Atalante) பள்ளத்தில், 3000 மீட்டருக்குக் கீழே, ஆக்சிஜன் துளிகூட இல்லாத கடும் உப்புச் சேற்றில் லோரிசிஃபெரா உயிரோடு இருக்கிறது, தன் வாழ்நாள் முழுக்க ஆக்சிஜன் இல்லாமலே வாழ்கிற முதல் விலங்கு என்று டனோவாரோ குழு எழுதியது. பெரிய பரபரப்பு. 2015இல் பெர்ன்ஹார்ட் குழு அதே மாதிரி பள்ளங்களைப் பார்த்துவிட்டு, அவை செத்து மேலிருந்து விழுந்த உடல்களாக இருக்கலாம், உள்ளே பாக்டீரியா குடியேறியதைத்தான் உயிர் என்று நினைத்திருக்கலாம் என்று சொன்னது. சாயம் ஏறியதெல்லாம் உயிரோடு இருந்தது என்று அர்த்தமில்லை. ரோஸ் பெங்கால் போட்டு எண்ணுகிற நாம் எல்லாரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய விஷயம்.


நான்கெழுத்து எழுதியது:

சரி சரி, இரண்டும் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்லைடு ஏற்றும் முன்னால் ஒவ்வொரு வகையிலும் ஒரு புழுவின் வாலையாவது எனக்கு வெட்டிக் கொடுங்கள்.


ஐந்தாங்கால் எழுதியது:

வாலை வெட்டினால் ஸ்பிக்யூல் எங்கே பார்ப்பார்கள்? நடு உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.


சேற்றுக்கை எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். 30 புழு ஏற்றிவிட்டேன், அதில் நான்கு மூடி அழுத்தி நசுங்கின, மணி போடச் சோம்பல்பட்டதன் பலன். மிச்சம் 26இல் இதுவரை 13 வகை. பேரினம் தெரிந்தது ஆறு, மற்றதற்கு 'சுருள் 2', 'நூல்வால் 1' என்று நானே பெயர் வைத்து வரைந்திருக்கிறேன். ஹலலைமஸின் கீறல் கிடைத்தது! அதைப் பார்க்க ஒரு மதியம் முழுக்கப் போனது, பிறகு பார்த்தால் அதே ஸ்லைடில் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

வழிகாட்டியிடம் படங்களைக் காட்டினேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு 'நூறு முடியட்டும், பார்க்கலாம்' என்றார்.

ஒரே ஒரு கேள்வி. 17ஆவது ஸ்லைடில் இருப்பது ஸ்ஃபேரோலைமஸ் என்று நினைக்கிறேன், வாய் நீங்கள் சொன்ன அதே பீப்பாய். அதன் குடலுக்குள் இன்னொரு நூற்புழு முழுசாக மடங்கிக் கிடக்கிறது, உள்ளே இருப்பதன் ஆம்ஃபிட்கூடச் சுருள் சுருளாகத் தெரிகிறது. அதை 215ஆவது என்று கணக்கில் சேர்க்கலாமா?


கணக்கன் எழுதியது:

கூடாது. படத்தைப் போடுங்கள்.